கண்ட்ராக்டும் சிபார்சும்

பொது ஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு ஒரு பாலம் கட்டப்படுகிறது. இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அது விரிசல் காண்கிறது. ஊரார் கண்ட்ராக்டரை ஏசுகின்றனர். டெண்டர் ஷரத்துக்கள் எழுதப்பட்ட அன்றே அந்த விரிசல் தோன்றிவிட்டதை அறிந்தவர் சிலரே.

லஞ்சமென்றால் மறைவில் கைமாறும் பணம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உத்தியோகஸ்தரின் தலையீடோ அதனினும் நுட்பமான வழிகளில் நடைபெறுகிறது. குறிப்பிட்ட ஒருவரிடம் மட்டுமே உள்ள இயந்திரம் இருந்தால்தான் டெண்டர் கொடுக்கலாமென்று ஷரத்து எழுதப்படும். பெரிய வேலை சிறு துண்டுகளாக்கப்பட்டு மேலதிகாரியின் பார்வைக்குத் தப்பும். வேண்டாதவரின் டெண்டர் அற்பப் பிழைக்காகத் தள்ளப்படும். வேண்டியவரின் பிழை மன்னிக்கப்படும். காகிதத்தில் யாவும் கிரமமாகவே காணப்படும்! இக்காலத்தில் டெண்டர்கள் கம்ப்யூட்டர் மூலம் திறக்கப்படுவது நல்லதே. ஆயினும் ஷரத்தை எழுதுவது மனிதனே அன்றோ?

இக்கேட்டைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998-ல் டெண்டர்களில் வெளிப்படைத் தன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2000-ம் வருஷத்து விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் அவகாசம் அளிக்க வேண்டும். அதைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். டெண்டர் தள்ளப்பட்டவர் சர்க்காருக்கு அப்பீல் செய்து கொள்ளலாம். மத்திய சர்க்கார் விஷயத்தில் 2012-ல் லோக் சபையில் கொண்டுவரப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதா சட்டமாகாமலே காலாவதியாயிற்று.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. உத்தியோகஸ்தர் தம் பதவியைத் துஷ்பிரயோகம் செய்து பிறருக்கு ஆதாயம் தேடித் தருவதே குற்றமென்று 1988-ம் வருஷத்து லஞ்ச ஒழிப்புச் சட்டம் கூறிற்று. 2018-ல் அப்பிரிவு நீக்கப்பட்டது. நேர்மையான உத்தியோகஸ்தர் அச்சமின்றி முடிவு செய்ய வேண்டுமென்பது அதற்குக் கூறப்பட்ட சமாதானம். அந்நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் நேர்மையாளருக்குக் கவசம் சட்டத்தின் தளர்ச்சியன்று. எழுதி வைத்த காரணமே அவருக்குக் கவசம். மேலிடத்திலிருந்து டெலிபோனில் வரும் ஒரு வார்த்தை எந்தத் தஸ்தாவேஜிலும் ஏறுவதில்லை. வழக்கு வந்தால் அகப்பட்டுக் கொள்பவர் கையெழுத்திட்ட கீழதிகாரியே. இதை உணர்ந்தே சுப்ரீம் கோர்ட்டு 2013-ல், உத்தியோகஸ்தர்கள் வாய்மொழி உத்தரவின்மேல் நடவாமல் அதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டுமென்று வற்புறுத்தியது.

நாம் கோருவன மூன்று. ஒவ்வொரு ஷரத்துக்கும் காரணமும், அதை எழுதியவரின் பெயரும் பதிவாக வேண்டும். டெண்டரைப் பரிசீலிப்போர் யாவரும் தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ அதில் சம்பந்தமில்லையென்று கையெழுத்திட வேண்டும். வாய்மொழிச் சிபார்சு செய்பவர் எவ்வளவு பெரியவராயினும் அவர் பெயர் தஸ்தாவேஜில் ஏற வேண்டும்.

இவற்றைச் சர்க்கார் தானாக முன்வந்து செய்யுமென்று காத்திருப்பதில் பயனில்லை. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தத்தம் ஊரில் முடிந்த ஒரு வேலையின் டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியலை ஒவ்வொரு தொண்டரும் கேட்டு வாங்கிப் படிப்பாராக. வேலியே பயிரை மேயும்போது, உடையவன் உறங்குதல் தகாது.