உருவான கதை – 14: காணாமல் போன 19 வெல்டிங்குகள்

கோவையில் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறை. டிப்ளமோ முடித்த சூட்டோடு அங்கே வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதமே ஒரு வால்வின் உடலுக்குப் படம் போட்டு, பெருமை தாங்காமல் ஃபோர்மேனிடம் நீட்டினேன். எண்ணெய் போகும் துளை உள்ளேயே வளைந்து, சுவரை ஒட்டி ஓடி, இன்னொரு பக்கம் வெளிவருவதுபோல வரைந்திருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படம் நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. ஆனா இந்த வளைவுக்குள்ள டூல் எப்படிங்க போகும்?"

என்னிடம் பதில் இல்லை. டிரில் பிட் நேராகத்தான் போகும் என்பது கல்லூரியில் தேர்வுக்கு வராத பாடம். அவரே சிவப்புப் பென்சிலை எடுத்து என் வளைவை இரண்டு நேர்த்துளைகளாக மாற்றினார். இரண்டாவது துளையைப் போடுவதற்காகத் திறந்த வாயை அடைக்க ஒரு பிளக் வரைந்தார். பிளக் ஓரத்தில் கசியாமலிருக்க ஒரு வாஷர். ஒற்றைத் துண்டாக இருந்த என் வால்வு ஐந்து நிமிடத்தில் மூன்று துண்டாகிவிட்டது.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு எந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தாலும் அந்தச் சிவப்புப் பென்சில் கண்ணில் பட ஆரம்பித்தது. இந்த ஃபிளாஞ்ச் ஏன் இங்கே? இந்த வெல்டிங் ஏன்? சில மூட்டுகள் வேண்டியே வைத்தவை. அசைய வேண்டிய இடம், பழுதுபார்க்கக் கழற்ற வேண்டிய இடம், இரண்டு வேறு உலோகம் சேருகிற இடம் ஆகியவற்றில் மூட்டு இல்லாமல் முடியாது. ஆனால் ஏராளமான மூட்டுகளுக்கு ஒரே காரணம், டூல் உள்ளே போகாது என்பதுதான். பொருளின் பயனுக்கும் அந்த மூட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

போன வாரம் வார்ப்பு அச்சுகளைப் பற்றிச் சொன்னேன். இந்த வாரம் டூலே இல்லாத உற்பத்தி.

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரி. இஸ்ரோ தன் ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் இடம். 2024 மே 9-ஆம் தேதி அங்கே பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலையில் பயன்படும் பி.எஸ்.4 எஞ்சினை 665 விநாடிகள் எரித்துப் பார்த்தார்கள். பதினோரு நிமிடத்துக்குச் சற்று மேல். பி.எஸ்.எல்.வி. பல பத்தாண்டுகளாகப் பறக்கிற ராக்கெட். அதன் எஞ்சினை இப்போது எதற்கு மறுபடி சோதிக்க வேண்டும்? செய்த முறை புதிது. உலோகத் தூளை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக வளர்த்து எடுத்த எஞ்சின் அது. த்ரீ-டி பிரிண்டிங் என்று ஊரே சொல்கிற முப்பரிமாண அச்சு.

இஸ்ரோ வெளியிட்ட கணக்கு இது. பழைய முறையில் 14 பாகங்கள். புதிய முறையில் ஒன்று. காணாமல் போன பற்றவைப்புகள் 19. பழைய முறையில் ஓர் எஞ்சினுக்கு அடித்து உருவாக்கிய உலோகக் கட்டிகளும் தகடுகளுமாக 565 கிலோ மூலப்பொருள் வேண்டும். புதிய முறையில் 13.7 கிலோ தூள் போதும். தயாரிப்பு நேரத்தில் 60 சதவீதம் மிச்சம்.

565, 13.7. இந்த இரண்டு எண்களையும் பட்டறையில் நின்றவர்கள் இன்னொரு முறை படிப்பார்கள். கட்டியைக் கடைந்து பொருள் செய்யும்போது, நமக்கு வேண்டியது உள்ளே கொஞ்சம்தான். மீதியெல்லாம் சீவலாகச் சுருண்டு தரையில் விழும். சாயங்காலம் கூட்டிப் பழைய இரும்புக்காரரிடம் போடலாம். ஆனால் ராக்கெட் தரத்துக்கு வாங்கிய உலோகத்தின் விலை அங்கே திரும்பி வராது.

இருந்தாலும் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 19. ஒரு பற்றவைப்பு என்றால் ஒரு கோடு மட்டும் அல்ல. பற்றவைக்கத் தேர்ந்த ஆள் வேண்டும், பாகங்களை அசையாமல் பிடிக்க ஜிக் வேண்டும், சூட்டில் கோணியதை நேராக்க வேண்டும், சாயம் தடவியும் எக்ஸ் கதிர் பாய்ச்சியும் விரிசல் தேட வேண்டும், அதற்கு ஏடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் எஞ்சின் ஒருநாள் கைவிட்டால், விசாரணைக்குழு முதலில் சந்தேகப்படுவது மூட்டைத்தான். மூட்டே இல்லையென்றால் அத்தனை வேலையும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, மே 30-ஆம் தேதி காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் இன்னொன்று நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம், பலமுறை தள்ளிப்போட்ட பிறகு, தன் சோதனை ராக்கெட்டைத் தன் சொந்த ஏவுதளத்திலிருந்தே பறக்கவிட்டது. திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் சேர்ந்து எரியும் அதன் எஞ்சின், ஒரே துண்டாக அச்சிட்டது. இப்படி எரியும் அரைக் கடுங்குளிர் (செமி-கிரையோஜெனிக்) வகை எஞ்சின் ஒன்று இந்தியாவில் பறந்தது அதுவே முதல்முறை.

எப்படிச் செய்கிறார்கள்? கோலம் போடுவதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். மாவை முதலில் வாசல் முழுக்கச் சமமாகப் பரப்பிவிடுகிறோம். பிறகு அதன்மேல் கோடு இழுக்கிறோம். கோடு போன இடம் மட்டும் உருகி இறுகுகிறது, மற்ற மாவு மாவாகவே கிடக்கிறது. இங்கே மாவுக்குப் பதில் உலோகத் தூள். விரலுக்குப் பதில் லேசர். ஓர் அடுக்கின் தடிமன் தலைமுடியைவிடக் குறைவு. ஓர் அடுக்கு முடிந்ததும் தட்டு அந்த அளவு கீழே இறங்கும், ஒரு சட்டம் வந்து அடுத்த அடுக்குத் தூளை வழித்துப் பரப்பும், லேசர் மறுபடி ஓடும். ஆயிரக்கணக்கான முறை. உலோகம் காற்றோடு வினைபுரியாமலிருக்கப் பெட்டிக்குள் ஆர்கான் அல்லது நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். அலுமினியம், டைட்டானியம் தூளெல்லாம் அசந்தால் தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்பதில் ஒரு சின்னச் சோகம் உண்டு. ஜப்பானில் நகோயா நகராட்சித் தொழில் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஹிடியோ கோடமா, ஒளிபட்டால் இறுகும் பிசினை அடுக்கடுக்காக வளர்த்துப் பொருள் செய்யலாம் என்று 1981-லேயே எழுதிவிட்டார். காப்புரிமைக்கான அடுத்த கட்டம் உரிய காலத்துக்குள் நடக்கவில்லை. அமெரிக்காவில் சக் ஹல், புற ஊதா ஒளியால் மேசைகளின் மேற்பூச்சை இறுக வைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மாலை நேரங்களில் தனியே முட்டிமோதி, 1983 மார்ச்சில் முதல் பொருளை வளர்த்தெடுத்தார். கண் கழுவும் சிறு கிண்ணம் ஒன்று. ராத்திரியோடு ராத்திரியாக மனைவிக்குப் போன் போட்டு வரச்சொல்லிக் காட்டியிருக்கிறார். 1984-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1986-இல் கிடைத்தது. பிளாஸ்டிக் இழையை உருக்கி, முறுக்கு பிழிவதுபோலப் பிழிந்து அடுக்கும் முறை ஸ்காட் கிரம்ப்புடையது. மகளுக்கு ஒரு பொம்மைத் தவளை செய்யப்போய்ப் பிறந்தது. அந்த முறையின் காப்புரிமை 2009-இல் காலாவதியானதும்தான் மேசைமேல் வைக்கும் மலிவான பிரிண்டர்கள் குவிந்தன. பள்ளிக் கண்காட்சியில் உங்கள் பிள்ளை பிள்ளையார் பொம்மை அச்சிட்டுக் கொண்டுவந்தால் அது இந்த வம்சம்.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இதை மாதிரி செய்து பார்க்கிற கருவியாகத்தான் ஆலைகள் பெரும்பாலும் வைத்திருந்தன. அச்சில் ஒரு மாதிரி. பார்த்துச் சரியென்றால், நிஜப் பொருள் பழைய முறையில். அந்த எண்ணத்தை உடைத்ததில் ஒரு சின்னப் பொருளுக்குப் பங்கு அதிகம். அக்ரூட் கொட்டை அளவே இருக்கும் எரிபொருள் தெளிப்பு முனை.

ஜி.இ.யும் பிரான்ஸின் சஃப்ரானும் சேர்ந்து செய்யும் லீப் என்ற விமான எஞ்சினில் எரிபொருளைத் தெளிக்கும் நுனி அது. எரியும் அறையின் வாயிலேயே நிற்க வேண்டும்; உள்ளே ஓடும் எரிபொருள் சூட்டில் கரிபிடித்து வழியை அடைக்கவும் கூடாது. அதனால் உள்ளுக்குள் நுணுக்கமான பாதைகள். 20 பாகங்களைச் செய்து பற்றவைக்க வேண்டிய வடிவம். வார்த்துப் பார்த்தார்கள், எட்டு முறை. எட்டும் தோல்வி. பொறியாளர்கள் அந்த வரைபடத்தைச் சின்சினாட்டியில் மாரிஸ் டெக்னாலஜீஸ் என்ற சிறு நிறுவனத்திடம் ரகசியமாகக் கொடுத்தார்கள். அவர்கள் அச்சிட்டுத் திருப்பித் தந்தது ஒரே துண்டு. எடை 25 சதவீதம் குறைவு. ஐந்து மடங்கு நீடித்து உழைக்கும் என்று ஜி.இ. சொன்னது. 2012-இல் அந்த நிறுவனத்தையே வாங்கிப் போட்டுக்கொண்டது. மாதிரிக்கு ஒன்று செய்ததோடு நிற்கவில்லை. அலபாமா மாநிலம் ஆபர்னில் இதற்காகவே ஆலை ஓடுகிறது. 2018-இல் 30,000-ஆவது முனையும், 2021-இல் ஒரு லட்சமாவது முனையும் வெளிவந்தன. போயிங் 737 மேக்ஸில் நீங்கள் பறந்திருந்தால் இவற்றை நம்பித்தான் பறந்தீர்கள்.

ஃபோர்மேனின் கேள்விக்கு வருகிறேன். டூல் எப்படிப் போகும் என்ற கேள்வி இங்கே செத்துவிட்டது. ஆனால் அந்த இடம் காலியாக இல்லை. அச்சுப் பட்டறைகளில் இப்போது கேட்கும் கேள்வி, தூள் எப்படி வெளியே வரும் என்பது. உருகாத தூள் பொருளின் ஒவ்வொரு பொந்துக்குள்ளும் அடைந்து கிடக்கும். வளைந்து நெளிந்து போகும் குளிர்விப்புப் பாதைகளிலிருந்து அதைத் திருப்பி, ஆட்டி, குலுக்கி வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் மிச்சமிருக்க அப்படியே அடுத்த கட்டச் சூடேற்றலுக்குச் சூளையில் வைத்தால் அங்கேயே கெட்டித்துப் பாதை அடைபடும். வேலை முடிந்தது, பொருள் குப்பைக்கு.

இன்னொன்று, அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி தானாக நிற்காது. 45 பாகைக்கும் கீழே சரிந்த பரப்புக்குப் பொதுவாக அடியிலிருந்து முட்டுக்கொடுத்தாக வேண்டும், கான்கிரீட் தளத்துக்குச் சென்ட்ரிங் அடிப்பதைப்போல. பிறகு அந்த முட்டுகளை வெட்டி எடுக்க ஓர் ஆள். முட்டே தேவைப்படாமல் வரைவதில்தான் இன்றைய வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. எந்தப் பக்கம் மேலாக வைத்து வளர்ப்பது என்று யோசிப்பதற்கே பாதி நாள் போகும்.

ஆகவே நல்ல இயந்திரம் வாங்கிப் போட்டால் புதுமை வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பழைய வரைபடத்தையே இந்த இயந்திரத்தில் அச்சிட்டால், அதே பொருள் அதிக விலைக்குக் கிடைக்கும். வரைகிறவர் முதலில் மாற வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி 2013-இல் ஜி.இ. நடத்திய திறந்த போட்டி. எஞ்சினைத் தூக்கும்போது பிடிக்கும் டைட்டானியத் தாங்கி ஒன்று, எடை 2,033 கிராம். பலம் குறையாமல் எடையைக் குறையுங்கள் என்று உலகத்துக்கே அறிவித்தார்கள். ஏறக்குறைய 700 வடிவங்கள் வந்தன. வென்றவர் இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் சலாத்திகா என்ற ஊர்க்காரர், அரி குர்னியவான். விமானத் துறை அனுபவம் இல்லாதவர். அவர் அனுப்பிய தாங்கியின் எடை 327 கிராம். கோடிக்கணக்கில் விலைபோகும் அச்சு இயந்திரம் அவர் வீட்டில் இல்லை. அவரிடம் இருந்தது வடிவம் மட்டும். கோவையிலும் ஓசூரிலும் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம்.

எல்லாவற்றையும் அச்சிட்டுவிடலாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ரிலேட்டிவிட்டி ஸ்பேஸ் தன் டெர்ரான் 1 ராக்கெட்டில் எடைக் கணக்கில் 85 சதவீதத்தை அச்சிட்டது. எஞ்சினோடு தொட்டிகளும் அச்சில்தான். 2023 மார்ச்சில் ஏவினார்கள். காற்றின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் கட்டத்தை அச்சிட்ட உடல் தாக்குப்பிடித்துத் தாண்டியது. இரண்டாம் நிலை கோளாறாகிச் சுற்றுப்பாதையை எட்டவில்லை. அடுத்த மாதமே அந்த ராக்கெட்டை ஓரங்கட்டி, பெரிய டெர்ரான் ஆர் பக்கம் திரும்பினார்கள். அதன் தொடக்க வடிவங்களில் தொட்டியின் நேரான உருளைப் பகுதி வழக்கமான அலுமினிய வேலை. எஞ்சின் அச்சிலேயே தொடர்கிறது. எனக்கு இது தோல்வியாகப் படவில்லை. உருளை என்பது தகட்டை வளைத்தால் வந்துவிடும் வடிவம். அதற்கு எதற்கு லேசர்? அதேபோல, பிளாஸ்டிக் வாளி வேண்டுமென்றால் வார்ப்பு இயந்திரத்தின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட எந்த பிரிண்டரும் வர முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய வால்வு வரைபடத்தைத் தேடியெடுத்தேன். சிவப்புப் பென்சில் படாத நகல். தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எஃகுத் தூளில் ஒன்று அச்சிட்டு வாங்கி, ஃபோர்மேன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து அதைக் கையில் உருட்டிப் பார்த்தார். ஒரு முனையில் வாய் வைத்து ஊதினார். வளைவைத் தாண்டிக் காற்று மறுபக்கம் வந்தது. சிரித்தார். பிறகு விரலால் வாய்ப்பக்கத்தைத் தடவினார். மணல்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது.

"ஏனுங்க தம்பி, இதுல பைப்பை மாட்டணுமல்லங்க? திரெட்டு யாருங்க போடறது?"

சீல் உட்காரும் முகப்பையும் திரெட்டையும் இன்றைக்கும் லேத்தில்தான் போடுகிறார்கள்.

(தொடரும்)