இரசாயன ஆபத்து: விவரம் அறியும் வழி

1984 டிசம்பர் 2-3 இரவில் போபாலில் மீதைல் ஐசோசயனேட் கசிந்தபோது, சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கு அதன் நச்சுத்தன்மை குறித்த போதிய விவரம் கிட்டவில்லை. இதன் பின்னரே, 1987-இல் திருத்தப்பெற்ற தொழிற்சாலைகள் சட்டம், ஆபத்துகளைத் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவிக்கும் கடமையை நிர்வாகத்தின்மீது சுமத்தியது.

முதலில் நாடவேண்டியது, பொருளை வழங்குவோர் தரும் பாதுகாப்புத் தகவல் தாள். அதன் 16 பிரிவுகளுள் 4-ஆவது முதலுதவியைக் கூறும். எப்பொருளோடு சேரலாகாது என்பதை உரைக்கும் 10-ஆவது பிரிவை மாணவர் தவறாது பயிலுதல் வேண்டும். போபாலில் கலத்தினுள் நீர் புகுந்தமையே வெப்பவினையைத் தூண்டிற்று. தாள் அலுவலகப் பெட்டியில் பூட்டிக்கிடப்பின் பயனென்ன? அது வேலையிடத்திலேயே இருத்தல் வேண்டும்.

ஒரே பொருளுக்கு வணிகப் பெயர்கள் பல. ஆகவே, சி.ஏ.எஸ். பதிவெண்ணைக் கொண்டு தேடுதலே நன்று. மீதைல் ஐசோசயனேட்டின் எண் 624-83-9.