ஆப்பிள் தோட்டங்களுக்கு மலட்டு அந்துப்பூச்சிக் காவல்

கனடா தேசத்தின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மலைத்தொடர்களுக்கு இடையே வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது ஒக்கனாகன் பள்ளத்தாக்கு. மழை குறைந்த பகுதியாயினும், ஏரிகளும் பாசனக் கால்வாய்களும் இருப்பதால் அங்கு ஆப்பிள், பேரி, செர்ரி, திராட்சை முதலியவை செழித்து வளர்கின்றன. இப்பள்ளத்தாக்கிலும், அதனை அடுத்துள்ள சிமில்கமீன் பள்ளத்தாக்கிலும் 1992ஆம் ஆண்டில் ஒரு பூச்சித்தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஒவ்வொரு குடியானவரும் தத்தம் தோட்டத்தைத் தனித்தனியே காத்துக்கொள்வதற்கு மாறாக, வட்டாரம் முழுவதையும் ஒரே தோட்டமாகக் கருதிப் பூச்சியை அடக்குவதே அதன் நோக்கம். அத்திட்டம் பெற்ற வெற்றியும், அவ்வெற்றிக்குப் பின் அதன் எதிர்காலத்தைப் பற்றி எழுந்த கேள்விகளும், பயிர்ப்பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்துகொள்ளத் தக்கவை.

பழத்தினுள் புகும் பகைவன்

ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சி அரை அங்குல நீளமேயுள்ள சாம்பல் நிறப் பூச்சி. அது மாலைப் பொழுதில் பறந்து, இலைகளின் மீதும் இளங்காய்களின் மீதும் ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் சிறு புழு, விரைவிலேயே காயைத் துளைத்து உள்ளே சென்று, விதைகளைத் தின்று வளர்கிறது. உள்ளே புகுந்துவிட்ட புழுவை மருந்து எட்டுவதில்லை. முற்றிய புழு பழத்தை விட்டு வெளியேறி, மரப்பட்டையின் அடியில் கூடு கட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஒக்கனாகனில் ஆண்டுக்கு இரண்டு தலைமுறைகள் தோன்றுவது வழக்கம்.

ஆகவே, முட்டை பொரிக்கும் காலத்தைக் கணக்கிட்டு, பருவத்தில் பல முறை மருந்து தெளிப்பது ஒன்றே நெடுங்காலம் வழியாக இருந்தது. முதலில் ஈய ஆர்சனேட்டும், பின்னர் டி.டி.டி.யும், அதன் பின்னர் பாஸ்பரஸ் சார்ந்த மருந்துகளும் பயன்பட்டன. உலகின் பல ஆப்பிள் நாடுகளில் இப்பூச்சி இம்மருந்துகளைத் தாங்கும் ஆற்றலை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றுவிட்டது. மேலும், இம்மருந்துகள் தீங்கு செய்யும் பூச்சிகளுடன் நன்மை செய்யும் பூச்சிகளையும் மாய்த்தன.

மலட்டுப்பூச்சி முறை

அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் நிப்ளிங் வேறொரு வழியைக் காட்டினார். பூச்சிகளைப் பெருந்தொகையாக வளர்த்து, கதிர்வீச்சினால் மலடாக்கி வெளியில் விட்டால், காட்டுப் பூச்சிகள் அவற்றுடன் கூடிப் பயனற்ற முட்டைகளையே இடும் என்பது அவர் கருத்து. 1954ஆம் ஆண்டில் குராசோ தீவில், கால்நடைகளின் புண்களில் வாழும் ஒருவகை ஈயை இம்முறையால் அறவே ஒழித்தனர். அக்காலத்திலேயே ஒக்கனாகனில் உள்ள சம்மர்லண்டு ஆராய்ச்சி நிலையத்தில் புரோவர்ப்ஸ் என்னும் விஞ்ஞானி இதனைக் காட்லிங் அந்துப்பூச்சிக்குப் பயன்படுத்த முற்பட்டார். 1976 முதல் 1978 வரை சிமில்கமீன் பள்ளத்தாக்கில் நடைபெற்ற சோதனையில் பூச்சி வெகுவாக அடங்கியது. ஆயினும், மருந்து தெளிப்பதைவிடச் செலவு மிகுந்திருந்தமையால், வட்டார அளவிலான திட்டம் உருவாக மேலும் பல ஆண்டுகள் சென்றன.

இம்முறையின் அடிப்படை எளிய கணக்கேயாகும். ஓர் ஏக்கரில் காட்டுப் பூச்சி 20 இருக்க, மலட்டுப் பூச்சி 800 விடப்பட்டதாகக் கொள்வோம். விகிதம் 40க்கு 1. ஒரு காட்டுப் பெண் பூச்சிக்குக் கருவுறச் செய்யும் ஆண் வாய்ப்பது ஏறத்தாழ 41இல் ஒரு பங்கே. காட்டுப் பூச்சி 10 ஆகக் குறைந்தால், அதே 800 பூச்சிகள் 80க்கு 1 என்ற விகிதத்தைத் தருகின்றன. பூச்சி குறையக் குறைய மருந்து தெளிப்பதன் பயன் சுருங்குகிறது. மலட்டுப்பூச்சியின் வலிமையோ பெருகுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. காட்டுப் பூச்சி 200 ஆகப் பெருகினால், அதே 800 பூச்சிகள் 4க்கு 1 என்ற அளவுக்கே வரும். அவ்விகிதம் பூச்சியைத் தடுக்கப் போதாது. ஆதலின், முதலில் மருந்தினாலும் தோட்டத் தூய்மையினாலும் பூச்சியின் தொகையைக் குறைத்த பின்னரே மலட்டுப் பூச்சிகளை விட வேண்டும்.

தொழிற்சாலையும் களப்பணியும்

பள்ளத்தாக்கின் தென்கோடியிலுள்ள ஓசோயூஸ் நகரில் பூச்சி வளர்க்கும் சாலை ஒன்று நிறுவப்பெற்றது. 1994ஆம் ஆண்டு முதல் மலட்டுப் பூச்சிகள் தோட்டங்களில் விடப்பட்டன. தட்டுகளில் செயற்கை உணவின் மீது புழுக்கள் வளர்க்கப்பட்டன. உணவில் கலந்த சிவப்புச் சாயம் பூச்சியின் உடலில் தங்கிவிடும். பொறியில் சிக்கிய பூச்சியை நசுக்கிப் பார்த்து, சிவந்திருந்தால் சாலையிற் பிறந்தது, இல்லையேல் காட்டில் பிறந்தது என்று களப்பணியாளர் பிரித்தறிந்தனர். வெளிவந்த பூச்சிகளைக் குளிரூட்டி அசைவற்றிருக்கச் செய்து, கோபால்ட்-60 தரும் காமா கதிர்களுக்கு உட்படுத்தி, சிறு நான்கு சக்கர வண்டிகளில் கொண்டு சென்று மர வரிசைகளின் இடையே தூவினர்.

இங்கு இரு செய்திகள் மாணவர்க்கு எடுத்துரைக்கத் தக்கவை. முதலாவது, கதிரின் அளவு மிகுந்தால் பூச்சி நலிந்து, பறந்து துணை தேட இயலாததாகும். அந்துப்பூச்சி இனத்தில், குறைந்த அளவு கதிர் பெற்ற ஆண் பூச்சி முழு மலடாகாவிடினும் அதன் சந்ததி மலடாகும். ஆகவே கதிரைக் குறைத்துப் பூச்சியின் வலிமையைக் காப்பது நன்மை பயக்கும். இரண்டாவது, கோபால்ட்-60இன் கதிர்வீச்சு ஐந்தேகால் ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. எனவே கதிர்மூலத்தைப் புதுப்பிக்கும் செலவையும் திட்டமிடுவோர் முன்கூட்டியே கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

திட்டத்தை நடத்தும் பொறுப்பு, நான்கு வட்டார ஆட்சி மன்றங்களின் பிரதிநிதிகளும் பழம் பயிரிடுவோரும் அடங்கிய குழுவினிடம் விடப்பட்டது. செலவின் ஒரு பகுதி தோட்ட உடைமையாளர் ஏக்கர் கணக்கில் செலுத்தும் வரியாகவும், மற்றொரு பகுதி வட்டாரத்தின் பொதுச் சொத்து வரியாகவும் திரட்டப்பட்டது. ஆப்பிள் மரமே இல்லாத நகரத்து வீட்டுக்காரரும் இதில் பங்கு கொண்டனர். தெளிக்கும் மருந்து குறைந்தால் காற்றும் நீரும் தூய்மையடையும்; அந்நன்மை அனைவருக்கும் உரியது என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம்.

குறிக்கோளில் மாற்றம்

தொடக்கத்தில் பூச்சியை வட்டாரத்திலிருந்து அடியோடு ஒழிப்பதே குறிக்கோளாக இருந்தது. களத்தில் அது எளிதாக இல்லை. சாலையில் வளர்ந்த பூச்சிகள் குளிர்ந்த வசந்த காலத்தில் போதிய அளவு பறக்கவில்லை. கவனிப்பாரற்ற வீட்டுத் தோட்டத்து மரங்கள் பூச்சிக்கு அடைக்கலம் தந்தன. புழுக்கூடு ஒட்டிய மரப்பெட்டிகளும் பூச்சியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சென்றன. எனவே, 1990களின் பிற்பகுதியில், ஒழிப்பதற்குப் பதிலாகத் தீங்கு செய்யாத அளவுக்கு அடக்கி வைப்பதே போதும் என்று குறிக்கோள் மாற்றப்பட்டது. 1000 பழங்களுக்கு 2 பழங்களுக்கு மேல் சேதம் கூடாது என்பது அளவுகோலாயிற்று. பிந்திய ஆண்டுகளில் பெரும்பாலான தோட்டங்கள் அவ்வளவுக்குள் நின்றன. இப்பூச்சிக்கென்று தெளிக்கும் மருந்தின் அளவு, திட்டத்துக்கு முன்னிருந்ததைவிட 90 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது.

குறிக்கோள் மாறியதன் விளைவை ஆழ்ந்து நோக்க வேண்டும். ஒழிப்புத் திட்டத்துக்கு முடிவு உண்டு; அடக்கி வைக்கும் திட்டத்துக்கு முடிவு இல்லை. அதற்கான செலவை ஒவ்வோர் ஆண்டும் ஏற்றாக வேண்டும்.

எதிர்காலத்தைத் திட்டமிடுதல்

முதலாவது கேள்வி நிதி பற்றியது. குடியானவர் பலர் ஆப்பிள் மரங்களை அகற்றிச் செர்ரியும் திராட்சையும் வைத்தமையால், வரி செலுத்தும் ஆப்பிள் நிலப்பரப்பு சுருங்கியது. ஆனால், பூச்சி வளர்க்கும் சாலையின் செலவு நிலப்பரப்புக்கு ஒத்தபடி குறைவதில்லை. கட்டடம், கதிர்மூலம், பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியவை 100 ஏக்கருக்கும் வேண்டும், 1000 ஏக்கருக்கும் வேண்டும். மிகுதியான பூச்சிகளை வெளியே அனுப்புவது ஒரு வழியாயிற்று. 2014ஆம் ஆண்டு தொடங்கி நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே பகுதியில் நடந்த சோதனைக்கு ஓசோயூஸ் பூச்சிகள் விமானத்தில் சென்றன.

இரண்டாவது கேள்வி கருவி பற்றியது. பெண் பூச்சியின் மணத்தை ஒத்த பொருளைச் சிறு கொள்கலங்களில் நிரப்பி மரங்களில் தொங்கவிட்டால், தோட்டம் முழுவதும் அம்மணம் பரவி, ஆண் பூச்சி தன் துணையைக் கண்டுபிடிக்க இயலாமல் தடுமாறும். இம்முறைக்குத் தொழிற்சாலை தேவையில்லை. பருவத் தொடக்கத்தில் ஒரு முறை கட்டினால் போதும். எனினும், பூச்சி மிகுந்த இடத்திலும் சிறு துண்டு நிலங்களிலும் இதன் பயன் குறைவு. வெளியில் கருவுற்றுப் பறந்து வரும் பெண் பூச்சியை இது தடுப்பதில்லை. மலட்டுப்பூச்சியினால் தொகை குறைந்த தோட்டமே இம்முறைக்கு ஏற்ற இடம். ஆகவே, இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக எண்ணாமல், இடமறிந்து இணைத்துப் பயன்படுத்துவதே பொருத்தமாகும்.

மூன்றாவது கேள்வி புதிய பகைவர் பற்றியது. ஆப்பிள் மரத்தின் பட்டையைத் துளைக்கும் வேறோர் அந்துப்பூச்சி 2005ஆம் ஆண்டில் சிமில்கமீன் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. வட்டாரம் முழுவதும் பொறி வைத்து வாரந்தோறும் எண்ணிப் பழகிய பணியாளர் படை, இத்தகைய புதுப்பூச்சிகளைக் கண்டறிவதற்கும் உதவக்கூடியது. ஒரு பூச்சிக்கென அமைந்த ஏற்பாட்டைப் பல பூச்சிகளுக்கும் உரிய காவலாக விரிவுபடுத்துவது, அதன் செலவுக்கு நியாயம் சேர்க்கும்.

இக்கேள்விகளுக்கு எவ்வகையில் விடை காணினும், விட்டுவிடக் கூடாதது பொறிக்கணக்கு. மலட்டுப்பூச்சி விடுவதைக் குறைக்கலாம். ஒரு மண்டலத்தில் நிறுத்தியும் பார்க்கலாம். ஆனால், பொறியில் எத்தனை பூச்சி விழுந்தால் மீண்டும் தொடங்குவது, அதற்கான செலவை யார் ஏற்பது என்பவற்றை நிறுத்துவதற்கு முன்னரே முடிவு செய்திருக்க வேண்டும். ஒரு பெண் பூச்சி 50 முட்டைகளுக்குக் குறையாமல் இடக்கூடியது. அவற்றுள் 10 மட்டுமே பிழைத்து, அவற்றில் பாதி பெண்ணாயினும், தலைமுறைக்கு 5 மடங்கும், இரண்டு தலைமுறை கொண்ட ஓராண்டில் 25 மடங்கும் பெருகும். ஓராண்டு கவனக்குறைவுக்கு இது போதிய எச்சரிக்கை.

இந்தியாவுக்கு உரிய படிப்பினை

காட்லிங் அந்துப்பூச்சி இந்தியாவில் லடாக்கில் காணப்படுகிறது. அங்கு ஆப்பிளோடு பாதாமிப் பழத்தையும் தாக்குகிறது. உள்நாட்டில் ஓரிடத்திலிருந்து பிறவிடங்களுக்குப் பரவாதவாறு தடுப்பதற்காக, 1914ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட பூச்சிகளுள் இதுவும் ஒன்றாகும். காசுமீரத்து ஆப்பிள் தோட்டங்களைக் காக்கும் பொறுப்பு, பழப்பெட்டியைச் சோதிக்கும் பணியாளரிடமும், துளை விழுந்த பழத்தைக் கண்டால் தகவல் தெரிவிக்கும் தோட்டக்காரரிடமும் இருக்கிறது.

ஒக்கனாகனில் பூச்சியை அடக்கியது கதிர்வீச்சு மட்டுமன்று. தன் வீட்டுக் கொல்லையில் நின்ற ஒற்றை மரத்தைக் கவனித்துக்கொள்ள இசைந்த வீட்டுக்காரரும், அயலார் தோட்டத்தின் நலனுக்காக வரி செலுத்த உடன்பட்ட ஊராரும் அதில் பங்கு பெற்றனர். பூச்சி கண்ணுக்குத் தெரியாத ஆண்டுகளிலும் அந்த உடன்பாடு நிலைத்திருக்குமாறு செய்வதே, இத்தகைய திட்டங்களின் எதிர்காலத்தை வகுப்போர் முன்னுள்ள பணியாகும். பொறிகளில் விழுந்த எண்ணிக்கையை ஆண்டுதோறும் ஊர் மக்கள் அறியும்படி வெளியிடுவதும், அதன் பொருளைப் பள்ளிகளில் விளக்கிக் கூறுவதும் அப்பணியின் தொடக்கமாக அமையும்.