விரால் பார்க்கும் வானம்

தை பிறந்துவிட்டால் எங்கள் ஊர்க் குளம் தெளிந்துவிடும். ஆடியில் வாய்க்கால் வழியே வந்த செந்நீரின் வண்டலெல்லாம் அடியில் படிந்து, அல்லித் தண்டு வேர்வரை கண்ணுக்குத் தெரியும். அப்போது பெரியப்பா விராலுக்குப் போவார். கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழுவும் மாவு உருண்டையும் போதும். விராலுக்கு மட்டும் தவளை. முன்பெல்லாம் உயிர்த் தவளை. இப்போது ரப்பர் தவளை. அந்த மாற்றம் எனக்கு நிம்மதி. வயல் பூச்சிகளைத் தின்று நமக்கு வேலை செய்யும் பிராணி அது. ஏற்றுமதிக்காகத் தவளைக் கால்களை வெட்டிக் குவித்த காலமும் நம் நாட்டில் இருந்தது; 1987இல்தான் அதற்குத் தடை வந்தது.

ரப்பர் தவளையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உள்ளே வெற்றுக் கூடு. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி, மேல்நோக்கிப் படுத்திருக்கும். அதனால் ஆகாயத்தாமரை மேலேயே இழுத்தாலும் கொடியில் மாட்டாது. மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கும், முள் வெளியே வரும். கால்களுக்குப் பதிலாகப் பின்னால் இரண்டு குஞ்சம். இதைப் பார்த்து ஒரு குழந்தைகூடத் தவளை என்று நம்பாது. விரால் நம்புகிறது. ஏன் என்று தெரிய, நாம் குளத்துக்குள் இறங்கி மேலே பார்க்க வேண்டும்.

ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும்போது வளைகிறது. அதனால் நீருக்கு அடியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வானம் முழுவதும் ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கிவிடுகிறது. அதன் விரிவு சுமார் 97 டிகிரி. ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு இரண்டேகால் அடி அகலத்தில் ஒரு வானம், அவ்வளவுதான். கரையிலுள்ள பனைமரமும் தூண்டில்காரரும் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கித் தெரிவார்கள். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு முழுக்கக் கண்ணாடி. குளத்தின் அடித்தரையே அதில் தலைகீழாகத் தெரியும். இந்தச் சன்னலைக் கடக்கும் எதுவும் வெளிச்சத்துக்கு எதிரே கறுத்த உருவமாகத்தான் தெரியும். கடைக்காரர் தவளைக்குப் பூசிய பச்சையும் மஞ்சளும் பெரும்பாலும் நம் கண்ணுக்காகத்தான்.

இதே சன்னலை நம்பித்தான் மேல்நாட்டு ஆறுகளில் டிரவுட் மீனுக்கு இறகால் பூச்சி கட்டுகிறார்கள். 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே என்பவர் கட்டிய 'ஆடம்ஸ்' இன்றுவரை பலருக்குப் பிரியமானது. முள்ளின்மேல் சுற்றிய சாம்பல் நிற மயிர்தான் உடல். சேவலின் வரியோடிய இறகுகள் இரண்டு சிறகாக நிற்கும். கழுத்தைச் சுற்றி இறகு இழைகள் விரிந்திருக்கும். அது எந்த ஒரு பூச்சியையும் அச்சு அசலாகக் காட்டுவதில்லை. ஆனால் அந்த இழைகளின் நுனி நீர்ப்பரப்பில் சின்னச் சின்னக் குழிகளாக அழுந்துகிறது. ஆற்றில் பிறந்து ஓரிரு நாள் பறந்து மடியும் மேஃப்ளை பூச்சி தண்ணீரில் உட்காரும்போது அதன் கால்களும் இப்படித்தான் அழுத்தும். சன்னலுக்கு வெளியே, கண்ணாடிப் பரப்பில், அந்தக் குழிகள் ஒளிப்பொட்டுகளாக மின்னும். டிரவுட்டுக்கு முதலில் தெரிவது அந்தப் பொட்டுகள்தான்.

டிரவுட் நமக்கு அவ்வளவு தூரத்து மீனும் அல்ல. நீலகிரியில் அதை வளர்க்க 1860களில் பிரான்சிஸ் டே என்பவர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. 1907இல் எச்.சி. வில்சன் என்பவர் அங்கே அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகம் அமைத்தார். அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாகப் பவானியில் சேர்கிறது. பவானி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. அப்புறம் கல்லணை, வெண்ணாறு, எங்கள் வாய்க்கால். டிரவுட்டின் மேலே ஓடிய தண்ணீரில் ஒரு பங்கு விராலின் மேலும் வந்து நிற்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் இரண்டு மீனுக்கும் இரை என்பதன் இலக்கணம் வேறு. டிரவுட் ஓட்டத்தில் எதிர்த்து நிற்கும். இரை ஓட்டத்தோடு தானாக வரும். ஆகவே இறகுப் பூச்சி, தண்ணீர் போகும் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். கயிறு கொஞ்சம் இழுத்துவிட்டாலும் மீன் விலகிவிடும். குளத்தில் அப்படியே தலைகீழ். நிற்கிற தண்ணீரில் சும்மா மிதப்பது இலை, சருகு. தண்ணீரைக் குறுக்கே கடப்பதுதான் உயிர். பெரியப்பா தவளையை ஒரு முழம் இழுப்பார், நிறுத்துவார், மறுபடி இழுப்பார்.

விராலின் உடலில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோட்டில் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பக்கத்தில் தண்ணீர் அசைந்தால் அவை வளையும், அந்தச் செய்தி மூளைக்குப் போகும். புதுவெள்ளம் கலங்கி வரும்போது, சன்னல் மங்கிக் கண் உதவாத நேரத்திலும் விரால் தவளையைத் தேடி வருவது இதனால்தான்.

"கவ்வுனதும் இழுத்துடாதடா. ஒரு மூச்சு விட்டுட்டு இழு" என்பார் பெரியப்பா. வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சிக் கவ்வும் மீன் அது. திரும்பிக் கீழே இறங்கும்வரை முள்ளுக்குப் பிடி கிடையாது.

மூச்சு விராலுக்கும் உண்டு. செவுளுக்கு மேலே காற்று அறை ஒன்று இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தே ஆக வேண்டும். மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். கோடையில் குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து பிழைத்திருப்பதும் இந்தக் காற்று அறையால்தான்.

ஒரு கார்த்திகைக் காலையில் அல்லி இலைகளுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் மழை தூறுவது போலத் துடித்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள், ஒவ்வொன்றும் மேலே வந்து காற்று குடித்துவிட்டு இறங்குகின்றன. அடியில், நிழலாக, தாயோ தகப்பனோ. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் அது பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, காவலுக்காக. சுலபமான வேட்டை என்று சிலர் அங்கேதான் வீசுவார்கள். காவல் போனால் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளை மிச்சம் வைக்காது.

பெரியப்பா தங்கூசியைச் சுற்றி, தவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, மதகுப் பக்கம் நடந்தார்.