வேலைக்கு முன் ஒரு வார்த்தை

பெரிய கட்டட வேலைகள் நடக்கும் ஸ்தலங்களில் ஒரு நல்ல வழக்கம் பரவியிருக்கிறது. காலையில் வேலை தொடங்குமுன் தொழிலாளரை ஒன்றுகூட்டி, அன்றைய அபாயங்களைப் பற்றிச் சில நிமிஷங்கள் பேசுகிறார்கள். ‘டூல்பாக்ஸ் டாக்’ என்று இதற்குப் பெயர். வழக்கம் நல்லதே, ஆனால் பல இடங்களில் அது நடைபெறும் விதம் திருப்திகரமாக இல்லை. எங்கோ அச்சடித்த காகிதத்தை ஒருவர் வாசிக்கிறார். கேட்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். பிறகு புஸ்தகத்தில் கையொப்பமோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளப்படுகிறது. விபத்து நேர்ந்தால், எச்சரிக்கை செய்தோம் என்று கோர்ட்டில் காட்ட அந்தப் புஸ்தகம் உதவும். சட்டம் பயின்ற நாம் சொல்கிறோம்: தஸ்தாவேஜு முதலாளியைக் காக்கலாம், சாரத்தின் மேல் நிற்பவனை அது காக்காது.

இப்பேச்சின் உண்மையான நோக்கம் என்ன? கானடா தேசத்தில் நடந்த ஒரு சம்பவம் அதை விளக்கும். 1907-ம் வருஷம் கியூபெக் நகரருகே ஒரு மாபெரும் இரும்புப் பாலம் கட்டப்பட்டு வந்தது. அதன் கீழ்ப்புறத்து இரும்புச் சட்டங்கள் வளைந்து வருவதை வேலை ஸ்தலத்தில் இருந்தவர்கள் கண்டார்கள். ஸ்தலத்து இஞ்ஜினீயர் ஒருவர் ஆலோசனை கேட்க நியூயார்க்குக்கே சென்றார். மேலும் பாரம் ஏற்றலாகாது என்று அங்கிருந்த தலைமை ஆலோசகர் தந்தி கொடுத்தார். ஆனால் தந்தி சென்றது பாலத்துக்கல்ல, தொலைவிலிருந்த கம்பெனிக்கு. வேலை நிற்கவில்லை. அன்றே, ஆகஸ்டு 29-ந் தேதி மாலை, பாலம் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் மாண்டனர். கண்டவர்களின் வார்த்தைக்கு வேலையை நிறுத்தும் வலிமை இல்லை. நிறுத்தும் அதிகாரமுள்ளவரின் வார்த்தையோ உரியவர்களிடம் வந்து சேரவில்லை. காலைப் பேச்சு இவ்விரண்டு வார்த்தைகளும் சந்திக்கும் இடமாக இருக்கவேண்டும்.

ஆகவே பேசுவோர் முன்னேற்பாடு செய்வது அவசியம். முந்தின மாலையே ஸ்தலத்தைச் சுற்றிப் பார்க்கவேண்டும். மறுநாள் பள்ளம் தோண்டுவதாயின், பேச்சு பள்ளத்தைப் பற்றியே இருக்கட்டும். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் நிறுக்கும். மார்பளவு புதைந்தவனும் மூச்சு முட்டிச் சாவான். தோண்டிய மண்ணைக் கரையோரம் குவிப்பது கரையையே தள்ளும் என்று சொல்லவேண்டும். உயரத்து வேலையாயின், இடுப்பில் பெல்ட் இருந்தால் போதாது, அதன் கொக்கியை எதில் மாட்டுவது என்று கையினால் காட்டவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். பத்து நிமிஷத்துக்கு மேல் நீட்டவேண்டாம். முடிவில் ஒரு சித்தாளையோ கொத்தனாரையோ அழைத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நேற்று தவறி விழ இருந்தவர் யார், பலகை ஆடியது எங்கே என்று கேளுங்கள். யாரேனும் குறை சொன்னால் அதை அன்றே திருத்துங்கள். ஒரு முறை அசட்டை செய்தால் மறுமுறை எவனும் வாய் திறக்கமாட்டான்.

பாஷையும் முக்கியமானது. சென்னைக்கடுத்த மௌலிவாக்கத்தில் 2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, கட்டி வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். அமைப்பிலேயே இருந்த பிழைகளால் நேர்ந்த அவ்விபத்தைக் காலைப் பேச்சு தடுத்திருக்கும் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் இறந்தவர்களில் ஆந்திரத்திலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் பலர். நம் கட்டடங்களை எழுப்புவோர் யார் என்பதை அது காட்டிற்று. தெலுங்கோ ஒடியாவோ மட்டும் அறிந்தவனிடம் இங்கிலீஷிலும் தமிழிலும் எச்சரிப்பது எச்சரிக்கையாகுமா?

500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கட்டட ஸ்தலங்களில் தொழிலாளரும் அங்கம் வகிக்கும் பாதுகாப்புக் கமிட்டி வேண்டுமென்று 1996-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. பத்துப் பேர் வேலை செய்யும் சிறு ஸ்தலத்தில் மேஸ்திரியின் வாயே கமிட்டி. தொழிற்சங்க ஊழியர்கள் கூலிக்காகப் போராடுவதோடு இதையும் கவனிக்கவேண்டும். அங்கத்தினர்கள் காலையில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று மாலையில் விசாரியுங்கள். “ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்து மட்டும் போட்டோம்” என்பது பதிலானால், போராட வேண்டிய விஷயம் அங்கேயே இருக்கிறது.