பிளாப் பாஸ் பண்ணினால் வேலை உறுதியா?

அக்கா பெண் கோவையில் எம்பிபிஎஸ், ஹவுஸ் சர்ஜன் ரெண்டும் முடித்துவிட்டு பிளாப் தேர்வுக்குப் படிக்கிறாள். "பாஸ் பண்ணிட்டா இங்கிலாந்துல வேலை கெடைச்சிருமுங்களா மாமா?" என்று கேட்டாள். மச்சான் பொள்ளாச்சித் தோப்பின் மேல் லோன் போடலாமா என்ற யோசனையில் இருக்கிறார். நான் சாப்ட்வேர்க்காரன், டாக்டர் இல்லை. ஆனாலும் ரெண்டு வாரம் தேடிப் படித்ததில் புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

பிளாப் ரெண்டு பகுதி. முதல் பகுதி 180 கேள்விகள், சென்னையிலேயே எழுதலாம். ரெண்டாவது செய்முறைத் தேர்வு, அதற்கு மான்செஸ்டர் போகணும். ரெண்டும் தேறினால் அங்கே இருக்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்யத் தகுதி கிடைக்கும். அவ்வளவுதான். அது லைசென்ஸ், வேலை இல்லை. லைசென்ஸ் தருவது கவுன்சில். வேலைக்கு யாரை முதலில் கூப்பிடுவது என்று தீர்மானிப்பது அரசாங்கம். முதல் கதவின் விதி பெரிதாக மாறுவதில்லை. ரெண்டாவது கதவு திறந்து திறந்து மூடுகிறது.

1985-லிருந்து வெளிநாட்டு டாக்டர்கள் வொர்க் பெர்மிட் இல்லாமலே அங்கே பயிற்சிப் பணியில் சேரலாம் என்று இருந்தது. உள்ளூர் மருத்துவக் கல்லூரிகளில் இடங்கள் கூடின. 2006 மார்ச்சில் திடீர் அறிவிப்பு, ஏப்ரலில் அந்தச் சலுகை ரத்து. பிளாப் பாஸ் பண்ணி, கடன் வாங்கி வந்து காத்திருந்த இந்திய டாக்டர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பாபியோ என்ற இந்திய வம்சாவளி டாக்டர்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2008 ஏப்ரல் 30-ல் பிரபுக்கள் சபை, சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனா அதற்குள் ரெண்டு வருஷம் போயிருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு விசா விதியையே மாற்றியும் விட்டார்கள்.

பிறகு ஆள் பற்றாக்குறை. 2019 அக்டோபரில் எல்லா டாக்டர்களையும் பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் சேர்த்தார்கள். உள்ளூர் ஆள் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய தேவை போனது, கதவு மறுபடி திறந்தது. விளைவு என்ன? அந்த நாட்டு அரசு சொல்லும் கணக்குப்படி, 2019-ல் சிறப்புப் பயிற்சி இடங்கள் சுமார் 9,000, விண்ணப்பித்தவர்கள் சுமார் 12,000. 2025-ல் இடங்கள் சுமார் 10,000, விண்ணப்பித்தவர்கள் கிட்டத்தட்ட 40,000.

உள்ளூர்ப் பட்டதாரிகள் கொதித்தார்கள். 2026 ஜனவரியில் முன்னுரிமை மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. பயிற்சி இடங்களில் பிரிட்டனில் படித்தவர்களுக்கு முதலிடம். அயர்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து மாதிரி சில நாடுகளில் படித்தவர்களுக்கும் உண்டு. இதைத்தான் கவனிக்கணும்: லண்டனில் எம்பிபிஎஸ் படித்த நம்ம ஊர்ப் பையன் முன்னுரிமையில் வருவான், கோவையில் படித்த இவள் வரமாட்டாள். 2008-ல் தோற்றது சுற்றறிக்கை மாதிரியான ஒன்று. இப்போது வந்திருப்பது நாடாளுமன்றம் வழியாக. கோர்ட்டை நம்பிக் காத்திருக்க முடியாது.

முழுசாக மூடிவிட்டதா என்றால், இல்லை. பயிற்சி அல்லாத ஆஸ்பத்திரி வேலைகளுக்கு இந்த முன்னுரிமை கிடையாது. சம்பளம் வரும். ஆனா ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கான நேர்வழி அது இல்லை. வேலை அனுபவத்தைக் காட்டி ஸ்பெஷலிஸ்ட் பதிவு வாங்கும் வழி ஒன்று இருக்கிறது, அது நீண்ட வழி. அந்த வேலைகளுக்கும் இப்போது கூட்டம் அதிகம்.

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்து இங்கே திரும்பி வரும் நம்ம பிள்ளைகளுக்கும் இதே கதைதான். எஃப்எம்ஜிஇ பாஸ் பண்ணினாலும் அரசு வேலைக்கு எம்ஆர்பி தேர்வு தனி, அதில் தமிழ்த் தகுதித் தாள் தனி. எந்த நாடும் முதலில் தன் வீட்டுக் கணக்கைத்தான் பார்க்கும்.

மச்சானிடம் சொன்னேன்: "தேர்வு எழுதட்டுங்க, தப்பில்ல. ஆனா தோப்பு மேல கை வைக்காதீங்க. கூடவே நீட் பிஜியும் எழுதட்டும்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள், "அப்ப 2019-ல முடிச்சிருந்தா போயிருப்பனுங்களா மாமா?" போயிருப்பாள். அதே படிப்பு, அதே மார்க். வருஷம்தான் வேறு.