'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்' படத்துக்கு ஒரு தரப்பு விசில், இன்னொரு தரப்பு திட்டு... காரணம் என்ன?

மூன்று பெண் துப்பறிவாளர்கள். பளபள உடை, பறந்து பறந்து அடி, நடுநடுவே காமெடி. 'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்' என்றாலே இதுதான் ஃபார்முலா. 1976-ல் அமெரிக்காவில் டிவி தொடராகத் தொடங்கிய இந்தக் கதை 2000, 2003, 2019 என மூன்று முறை சினிமாவாகவும் வந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் ரெண்டாகப் பிரிந்தார்கள். "செம ஜாலி படம்" என்றது ஒரு தரப்பு. "பெண்களைக் காட்சிப்பொருள் ஆக்குகிறார்கள்" என்றது இன்னொரு தரப்பு. 2019-ல் மூன்றாவதாக ஒரு தரப்பும் சேர்ந்துகொண்டது. "பெண்ணியப் பாடம் எடுக்கிறார்கள்" என்பது அவர்களின் புகார்.

ஒரே கதைக்கு ஏன் இத்தனை விதமான கருத்துகள்? படம் ஓடாதபோது பழி யார் தலையில் விழுகிறது? பார்க்கலாம்.

முதலில், கதை என்ன?

டவுன்சென்ட் என்ற துப்பறியும் நிறுவனம். முதலாளி பெயர் சார்லி. அவர் முகத்தைக் காட்டவே மாட்டார். ஸ்பீக்கர் போனில் குரல் மட்டும் வரும். அந்தக் குரல் வேலையைச் சொல்லும்; மூன்று 'ஏஞ்சல்'களும் மாறுவேடம் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். அவர்களுக்கும் சார்லிக்கும் நடுவில் பாஸ்லி என்றொரு உதவியாளர் இருப்பார். 1976 முதல் 1981 வரை ஓடிய தொடரிலும், முதல் இரண்டு படங்களிலும் சார்லிக்குக் குரல் கொடுத்தவர் ஒரே நடிகர்தான்: ஜான் ஃபோர்சைத்.

1976: மேசை வேலையிலிருந்து மாறுவேடத்துக்கு

ஏ.பி.சி. சேனலில் வந்த இந்தத் தொடரை ஆரன் ஸ்பெல்லிங், லெனார்ட் கோல்ட்பெர்க் இருவரும் தயாரித்தார்கள். கேட் ஜாக்சன், ஃபாரா ஃபாசெட், ஜாக்லின் ஸ்மித் ஆகிய மூவரும்தான் முதல் ஏஞ்சல்கள்.

தொடரின் டைட்டில் காட்சியே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடும். மூன்று பேரும் போலீஸ் பயிற்சி முடித்தவர்கள். ஆனால், அவர்களுக்குக் கிடைத்ததோ டைப் அடிப்பது, போன் எடுப்பது, சாலையைக் கடப்பவர்களுக்குக் காவல் நிற்பது போன்ற வேலைகள். அங்கிருந்து தன்னிடம் அழைத்துக்கொண்டதாகச் சார்லி பெருமையாகச் சொல்வார். திறமை இருந்தும் மேசையில் உட்காரவைக்கப்பட்ட பெண்கள் வெளியே வந்து குற்றவாளிகளைப் பிடிக்கிறார்கள் என்பது அந்தக் காலத்து அமெரிக்க டிவியில் பெரிய விஷயம். அதே டைட்டில் காட்சியில் அவர்களைச் 'சின்னப் பெண்கள்' என்று குறிப்பிடுபவரும் சார்லிதான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தொடர் முதல் சீசனிலேயே ஹிட். 1976 நவம்பரில் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் மூவரும் இடம்பிடித்தார்கள். கூடவே திட்டும் வந்தது. பெண்களின் உடலைக் காட்டிப் பார்வையாளர்களை இழுக்கும் தொடர்களைக் கிண்டல் செய்ய அப்போது அமெரிக்காவில் ஒரு பட்டப்பெயரே புழக்கத்தில் இருந்தது. அந்தப் பெயரோடு அதிகம் சேர்த்துப் பேசப்பட்ட தொடர்களில் இதுவும் ஒன்று. நீச்சல் குளம், கடற்கரை, பெண்கள் சிறை என்று மாறுவேடம் போகும் இடங்களெல்லாம் உடைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை என்றார்கள் விமர்சகர்கள்.

நடித்தவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. தொடர் மூன்றாம் இடத்தில் இருந்தபோது நடிப்புதான் காரணம் என்று நினைத்ததாகவும், முதலிடத்துக்கு வந்தபிறகுதான் உடை விஷயம் புரிந்ததாகவும் ஃபாரா ஃபாசெட் அடித்த கிண்டல் இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அவர் ஒரே சீசனோடு தொடரிலிருந்து விலகினார். அதனால் வழக்கு வந்தது. கடைசியில், சில எபிசோடுகளில் சிறப்புத் தோற்றத்தில் வர ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆக, இந்தச் சண்டை சினிமாவில் ஆரம்பித்தது அல்ல. கதை பிறந்தபோதே கூடப் பிறந்தது.

2000: கொண்டாடியவர்கள் சொன்னது என்ன?

ட்ரூ பேரிமோர், கேமரூன் டயஸ், லூசி லியு மூவரும் நடிக்க, 2000 நவம்பரில் முதல் படம் வெளியானது. இயக்கியவர் மெக்ஜி. அதுவரை மியூசிக் வீடியோக்கள் எடுத்துக்கொண்டிருந்த அவருக்கு இதுதான் முதல் சினிமா. பேரிமோர் இதில் தயாரிப்பாளரும்கூட. சுமார் 9.3 கோடி டாலர் பட்ஜெட்; உலகம் முழுக்க சுமார் 26.4 கோடி டாலர் வசூல்.

பிடித்தவர்கள் சொன்ன காரணங்கள் இவை:

- மூவருக்கும் நடுவில் பொறாமை கிடையாது. ஒருத்தி வெற்றிபெற்றால் மற்ற இருவரும் குதிக்கிறார்கள். ஆணுக்காக அடித்துக்கொள்ளும் காட்சிகள் இல்லை.

- ஏஞ்சல்கள் துப்பாக்கி பிடிப்பதில்லை. பழைய தொடரில் துப்பாக்கி உண்டு. படத்தில் வேண்டாம் என்பதில் பேரிமோர் உறுதியாக இருந்தார். அதற்குப் பதிலாக ஹாங்காங் பாணிச் சண்டை. சண்டைக்காட்சிகளை அமைத்த யுவென் சியுங்-யான், 'தி மேட்ரிக்ஸ்' சண்டைகளை அமைத்த யுவென் வூ-பிங்கின் தம்பி.

- சிரிப்பு. பேரிமோரை நாற்காலியில் கட்டிவைத்திருப்பார்கள். தன்னைச் சுற்றி நிற்கும் அடியாட்களிடம், அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, சொன்னபடியே அடித்து வீழ்த்துவார். பெண்ணைக் கட்டிப்போட்டால் காப்பாற்ற ஹீரோ வருவார் என்ற பழைய சினிமா வழக்கத்தை அந்த ஒரே காட்சி கலாய்த்துவிடுகிறது.

- லூசி லியு. அதுவரை வெள்ளையினப் பெண்கள் மட்டுமே ஏஞ்சல்களாக இருந்த இடத்தில், ஆசிய அமெரிக்கப் பெண் ஒருவர் சரிசமமாக நின்றார். ஆசிய முகத்தை வெகுஜன சினிமாவில் இயல்பான ஒன்றாக ஆக்கியதில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு என்று 2021-ல் 'வாஷிங்டன் போஸ்ட்'டில் அவரே எழுதினார்.

திட்டியவர்கள் சொன்னது என்ன?

புகழ்பெற்ற விமர்சகர் ரோஜர் ஈபெர்ட் இந்தப் படத்துக்குக் கொடுத்தது நான்கு நட்சத்திரத்துக்கு அரை நட்சத்திரம். கதை என்று ஒன்றும் இல்லை, மூன்று பெண்களை விதவிதமான உடைகளில் காட்டுவதற்கே படம் என்பது இந்தத் தரப்பின் வாதம். தோல் உடையில் அலுவலகம், மசாஜ் நிலையம், பெல்லி டான்ஸ் என்று மாறுவேடங்கள் போகின்றன. இவற்றில் சில, மற்ற நாட்டுக் கலாசாரங்களைக் கேலிச்சித்திரமாக்குகின்றன என்ற புகாரும் உண்டு. எவ்வளவுதான் அடித்தாலும் கடைசியில் முகம் காட்டாத ஒரு ஆண் முதலாளியின் பேச்சைத்தானே கேட்கிறார்கள் என்றும் கேட்டார்கள்.

இதில் யார் சொல்வது சரி?

ரெண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. எப்படி?

படத்தின் காமெடி இப்படித்தான் வேலை செய்கிறது: அழகான பெண்ணைப் பார்த்ததும் எதிரில் இருக்கும் ஆணின் மூளை நின்றுவிடும். அந்த இடைவெளியில் ஏஞ்சல்கள் சாவியை எடுப்பார்கள், கைரேகையை எடுப்பார்கள், தப்பித்தும் விடுவார்கள். அசடு வழியும் ஆணைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். பெண்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்பது தெரியும்.

ஆனால், அந்த ஆண் வாய் பிளந்து நிற்கும் அதே நேரத்தில் கேமராவும் வாய் பிளந்து நிற்கிறது. தலைமுடி ஸ்லோமோஷனில் பறக்கிறது. கேமரா உடலை மேலிருந்து கீழாக அளக்கிறது. யாரைக் கேலி செய்கிறதோ அந்த ஆளின் பார்வையையே படம் கடன் வாங்கிக்கொள்கிறது. கதையைக் கவனிப்பவருக்குப் பெண்கள் ஜெயிப்பது தெரியும். கேமராவைக் கவனிப்பவருக்கு அவர்கள் காட்சிப்பொருளாக நிற்பது தெரியும். ஒரே காட்சிக்கு எதிரெதிர் விமர்சனம் வருவதன் ரகசியம் இதுதான்.

2003: அதே மசாலா, டபுள் டோஸ்

'ஃபுல் த்ராட்டில்' என்ற இரண்டாம் பாகம் 2003 ஜூனில் வந்தது. அதே இயக்குநர், அதே மூவர். பட்ஜெட் சுமார் 12 கோடி டாலராக ஏறியது; வசூலோ சுமார் 25.9 கோடி டாலர். அதிகமாகச் செலவழித்து, முதல் பாகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே சம்பாதித்த படம் இது. விமர்சனங்களும் முன்பைவிட மோசம்.

வில்லியாக வந்தவர் டெமி மூர். ஒரு காலத்தில் ஏஞ்சலாக இருந்தவர் எதிராளியாக மாறுவதுதான் அந்தப் பாத்திரம். கதையாக யோசித்தால் நல்ல முடிச்சு. ஆனால், ஊடகங்கள் அதிகம் பேசியது 40 வயதில் பிகினியில் அவர் எப்படி இருக்கிறார் என்பதைத்தான். மோசமான படங்களுக்குக் கிண்டலாகக் கொடுக்கப்படும் 'ராஸி' விருதும் அவருக்குக் கிடைத்தது. முதல் படத்தில் புதுசாகத் தெரிந்த கிண்டல், இரண்டாவது தடவை வெறும் பழக்கமாகிவிட்டது.

2019: கேமராவை மாற்றினார்கள், கூட்டம் வரவில்லை

அடுத்த படத்தை எழுதி, இயக்கி, தயாரித்ததோடு பாஸ்லியாகவும் நடித்தவர் எலிசபெத் பேங்க்ஸ். கிறிஸ்டன் ஸ்டூவர்ட், நவோமி ஸ்காட், எல்லா பாலின்ஸ்கா மூவரும் புதிய ஏஞ்சல்கள். நவோமி ஸ்காட் நடித்த எலீனா ஒரு பொறியாளர். தான் உருவாக்கிய கருவி ஆயுதமாக மாறக்கூடும் என்று எச்சரிக்கிறார். மேலதிகாரி காதில் வாங்கவில்லை. 1976-ல் மேசையில் உட்காரவைக்கப்பட்ட பெண்ணின் அதே பிரச்னை, புது அலுவலகத்தில்!

உடலை அளக்கும் ஷாட்கள் இதில் வெகுவாகக் குறைந்தன. ஆனால், இப்போது வந்த புகார் வேறு. வசனங்களில் செய்தி தூக்கலாக இருக்கிறது, சண்டையில் பழைய துள்ளல் இல்லை, இந்தப் படத்தை யார் கேட்டார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டின் குறும்பை மட்டும் படம் பிடிக்காதவர்களில் பலரும் பாராட்டினார்கள். விமர்சகர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆதரவு, பாதிப் பேர் எதிர்ப்பு.

அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் சுமார் 84 லட்சம் டாலர்தான். உலக அளவில் சுமார் 7.3 கோடி. பட்ஜெட் சுமார் 4.8 கோடி என்பதால் லாபம் என்று நினைக்க வேண்டாம். டிக்கெட் பணத்தில் பெரும் பங்கு தியேட்டர்களுக்குப் போய்விடும். விளம்பரச் செலவு தனி. அப்படிப் பார்த்தால் இது தோல்விப் படம்தான்.

பழி யார் மேல் விழுந்தது?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. படம் ஓடாவிட்டால் 'பெண்கள் நடிக்கும் ஆக்‌ஷன் படத்துக்கு ஆண்கள் வரமாட்டார்கள்' என்ற ஹாலிவுட் நம்பிக்கை இன்னும் இறுகிவிடும் என்று, ரிலீஸுக்கு முன்பே ஒரு பேட்டியில் பேங்க்ஸ் கவலைப்பட்டிருந்தார். படம் தோற்றதும் அந்தப் பேட்டியையே காட்டி, "ஆண்கள்மேல் பழி போடுகிறார்" என்று அவரைக் கலாய்த்தார்கள். தான் பெண்ணியப் பிரகடனம் எதுவும் எழுதவில்லை, ஒரு ஆக்‌ஷன் படம்தான் எடுத்தேன், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதுபோல் அது விளம்பரம் செய்யப்பட்டது என்று 2022-ல் அவர் சொன்னார்.

கணக்கைப் பார்ப்போம். அதே 2019-ல்தான் பெண் சூப்பர் ஹீரோவின் 'கேப்டன் மார்வெல்' 100 கோடி டாலரைத் தாண்டியது. 2017-ல் வந்த 'வொண்டர் வுமன்' 80 கோடி டாலரைத் தாண்டியது. பெண் நாயகி என்பதால் கூட்டம் வராது என்ற வாதம் இங்கேயே அடிபடுகிறது. இன்னொரு பக்கம், பழைய பெயரைத் தூசி தட்டி 2019-ல் வந்த 'மென் இன் பிளாக்: இன்டர்நேஷனல்', 'ஷாஃப்ட்' படங்களும் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. அவற்றுக்காக யாரும் 'ஆண்கள் நடித்தால் ஓடாது' என்று எழுதவில்லை.

மெக்ஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகம் அடிவாங்கிய பிறகும் 2009-ல் 'டெர்மினேட்டர் சால்வேஷன்' என்ற பிரம்மாண்டப் படம் அவர் கைக்கு வந்தது. ஆணின் படம் தோற்றால் அது அந்த ஒரு படத்தின் தோல்வி. பெண்ணின் படம் தோற்றால் அது எல்லாப் பெண்களின் தோல்வியாகக் கணக்கில் எழுதப்படுகிறது. பேங்க்ஸ் அடுத்து இயக்கிய 'கொக்கெய்ன் பேர்' 2023-ல் வந்து, செலவைப்போல் இரு மடங்குக்கும் மேல் வசூலித்தது. அது அவருக்கு நல்ல பதில். ஆனால், ஒவ்வொரு படத்திலும் இப்படித் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதுதான் பிரச்னை.

அப்போ, எப்படித்தான் பார்ப்பது?

இந்த மாதிரிப் படம் பார்க்க உட்காரும்போது மூன்று விஷயங்களைக் கவனித்துப் பாருங்கள்:

1. சிரிப்பு யாரைப் பார்த்து வருகிறது? ஏமாறும் ஆளைப் பார்த்தா, ஏமாற்றும் பெண்ணைப் பார்த்தா?

2. கேமரா யார் பக்கம் நிற்கிறது? அவள் செய்யும் வேலையைக் காட்டுகிறதா, அவள் உடலையா?

3. முடிவு எடுப்பது யார்? அவளா, ஸ்பீக்கர் போனில் வரும் குரலா?

2000-ல் வந்த படம் முதல் கேள்வியில் பாஸ். இரண்டாவதில் பலமாகச் சறுக்கும். 2019 படம் இரண்டாவதில் தேறும். ஆனால் சிரிக்கவைக்கும் வேலையில் மார்க் குறையும். இரண்டிலும் ஒருசேரத் தேறும் 'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்' படம் இனிமேல்தான் வர வேண்டும்.

பிடித்தால் ரசியுங்கள், பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள். படம் நன்றாக இல்லை என்றால் அந்தப் படத்தைத் திட்டுங்கள். அதை வைத்து, இனி வரப்போகும் நாயகிகளுக்கும் பெண் இயக்குநர்களுக்கும் கதவைச் சாத்தாமல் இருந்தால் போதும்.